பேனிக் அட்டாக் வந்த பிறகு மறதி... மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

பேனிக் அட்டாக் வந்தவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்வது நெஞ்சுப் படபடப்பைத்தான். இன்னொரு பயத்தைத் தயங்கித் தயங்கித்தான் வெளியே சொல்வார்கள். "இப்பல்லாம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. மீட்டிங்ல என்ன பேசுனாங்கன்னே தெரியல. மூளையில ஏதாவது பிரச்னையா?"

திடீரென்று கிளம்பி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும் கடும் பயம்தான் பேனிக் அட்டாக். இது எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போ?' என்ற கவலையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பேனிக் டிஸார்டர். அட்டாக்கின்போது வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன. தலை கிறுகிறுப்பதும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரி தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான். மூச்சு சீரானதும் சரியாகிவிடும்.

சரி, அட்டாக் இல்லாத நாட்களிலும் ஏன் மறக்கிறது?

வெவ்வேறு நிறத்தில் அச்சிட்ட சொற்களைக் காட்டி, 'என்ன எழுதியிருக்கு என்று பார்க்காதீங்க, நிறத்தை மட்டும் சொல்லுங்க' என்பது ஸ்ட்ரூப் என்ற சோதனை. உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலியின் குழு 1990-ல் இதன் ஒரு வடிவத்தை பேனிக் டிஸார்டர் உள்ளவர்களிடம் செய்து பார்த்தது. பயம், உடல் உபாதை, ஆபத்து சம்பந்தமான சொற்கள் வந்தபோது நிறத்தைச் சொல்ல அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. நிறம் தெரியாமல் இல்லை. அந்தச் சொல் கவனத்தைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

ஆபீஸில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மேனேஜர் டெட்லைன் சொல்லிக்கொண்டிருப்பார். பாதிக் கவனம் 'இதயம் வேகமா அடிக்குதோ?' என்று உள்ளே காவல் காத்துக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் பாதியைப் பயம் பிடித்துக்கொண்டால், டெட்லைன் உள்ளே பதிவே ஆகாது. பதிவாகாததைப் பிறகு தேடினால் எப்படிக் கிடைக்கும்? பதிந்தது அழிந்துபோகும் டிமென்ஷியா வேறு, இது வேறு.

பேனிக் டிஸார்டரே நினைவாற்றலைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் லேசான குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. கூடவே வரும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் தங்கள் பங்குக்கு மறதியைக் கூட்டக்கூடியவை.

யாரும் அதிகம் சந்தேகப்படாத ஒரு ஆள் மாத்திரை. அல்பிரஸோலம், குளோனஸெபம் போன்றவை படபடப்பை வேகமாக அடக்கும். ஆனால் புதிய விஷயங்கள் மனதில் பதிவதையும் மந்தமாக்கும். பழைய சீட்டை வைத்தே மாசக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மறதி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத் தானாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் டோஸைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உடலில் தெரியும் சாதாரண மாற்றத்தை 'செத்துடுவேன்' என்று தப்பாகப் புரிந்துகொள்வதுதான் பேனிக்கைப் பெரிதாக்குகிறது என்றார் டேவிட் கிளார்க், 1986-ல். மறதியும் அப்படி ஒரு தீனியாகிவிடுகிறது. ஒரு பெயர் மறந்தால் 'மூளை போச்சு' என்ற பயம், பயத்தால் படபடப்பு, படபடப்பால் அடுத்த பெயரும் மறக்கும். சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை கைவைப்பது இந்தத் தப்பான புரிதலில்தான்.

தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடும் மறதி தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தெரிந்த வழியே குழம்புவது, பேச்சு குழறுவது, கை கால் பலவீனம் இருந்தால் 'டென்ஷன்தான்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.