உஷார்! அட்வான்ஸ் போட்டுக் கை மாற்றும் மனை

கலசப்பாக்கம், போளூர், ஆரணி வட்டாரத்தில் கையில் நாலைந்து லட்சம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இதை அவசரமாகச் சொல்லியாக வேண்டும். "அண்ணா, அஞ்சு லட்சம் அட்வான்ஸ் போடுங்க. அக்ரிமெண்டும் பவரும் உங்க பேர்ல வாங்கித் தர்றேன். ஆறு மாசத்துல வேற பார்ட்டிக்குக் கை மாத்தி உட்டுடலாம், பத்திரச் செலவே கிடையாது" என்று யாராவது உட்கார்ந்து பேசினால், நீங்கள் எழுந்துவிடுங்கள்.

அந்த ஆறு மாதமும் நிலம் உங்களுடையது அல்ல. அக்ரிமெண்டும் பவரும் சேர்ந்தாலும் உரிமை கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் மட்டுமே உரிமை தரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கெடுவுக்குள் அடுத்த பார்ட்டி வரவில்லை என்றால், மீதிப் பணத்தை நீங்கள்தான் கட்டிக் கிரயம் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அட்வான்ஸ் போகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த வரி எழுதப்பட்டிருக்கும், படிக்கத்தான் ஆளிருக்காது. நடுவில் நிலத்துக்காரர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அவரோடு முடிந்துவிடும். பிறகு வாரிசுகள் ஒவ்வொருவரின் வாசலிலும் நிற்க வேண்டும், அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இருந்தும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு லட்சக்கணக்கில் கைமாறுகிறது. பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறாது. அதே மனைக்கு இன்னொருவரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ரொக்கமாகக் கொடுத்தால் வேலை சுலபம் என்பார்கள். நிலம் விற்பதற்காக இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் என்பது வருமான வரிச் சட்டம். அடுத்த பார்ட்டியிடம் நீங்கள் கை நீட்டும்போது அந்த வாங்கியவர் நீங்கள்தான்.

சரி, முறையாகக் கிரயம் செய்தே வாங்கி விற்கலாம் என்பவர்கள் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மனை. முத்திரைத் தீர்வை முதல் பதிவுக் கட்டணம் வரை மொத்தம் 9 சதவீதம், அதாவது 90,000 ரூபாய். தரகருக்கு 2 சதவீதம் என்றால் 20,000. ஒரு வருடத்தில் விலை இருபது சதவீதம் ஏறி, பன்னிரண்டு லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விற்கும்போதும் தரகு 24,000. நகையை அடகு வைத்துப் போட்ட பணமாக இருந்தால், 10 சதவீத வட்டியில் இன்னொரு லட்சம். கூட்டினால் உங்கள் செலவு 12,34,000. விலை இருபது சதவீதம் ஏறியும் 34,000 ரூபாய் நஷ்டம். சொந்தப் பணமாக இருந்து லாபமே வந்தாலும், 24 மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம். உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி கேட்பார்கள்.

பழைய வீட்டை வாங்கி, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து இரட்டை விலைக்கு விற்கும் அமெரிக்க வீடியோக்களும் இப்போது எல்லார் போனிலும் ஓடுகின்றன. அதே அமெரிக்காவில், வீட்டு விலையைக் கணிப்பதையே தொழிலாகக் கொண்ட ஸில்லோ நிறுவனம் வீடு வாங்கி விற்கும் பிரிவைப் பெரும் நஷ்டத்தோடு 2021 நவம்பரில் மூடியது. ஊழியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை போயிற்று. நம் ஊர்ப் பக்கம் வாங்க வருகிறவர் மனைக்குத்தான் விலை பேசுவார். நீங்கள் போட்ட டைல்ஸுக்குக் காசு தரமாட்டார்.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனது. அதைக் காட்டியே போளூர் ரோட்டு மனைகளைப் பேசி விற்பார்கள். ரோடு வருகிறது, சிப்காட் வருகிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். 2018-ல் இந்த மாவட்டத்து வயல்களில் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்டார்கள். 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பையே ரத்து செய்தது. நடுவில் அந்த நிலங்களை நம்பி யாரால் விலை பேசியிருக்க முடியும்?

மலிவாக வருகிறதே என்று மலையடிவாரத்தையோ ஆற்றோரத்தையோ வாங்காதீர்கள். 2024 டிசம்பர் 1-ல் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். செய்யாற்றங்கரை நஞ்சையை எல்லைக்கல் நட்டு மனையாகக் காட்டினால், அனுமதி எண் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாமல் போட்ட மனைப்பிரிவுக்கு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் இடமே இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் கிரயம் செல்லாது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றாலும் செல்லாது. பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் பத்திரம் நல்ல பத்திரம் ஆகிவிடாது.

இவ்வளவு பதறக் காரணம் இருக்கிறது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனம், சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. ஆரணியிலும் அதற்குக் கிளை இருந்தது. நிலத்தைக் காட்டியே பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடியைத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2014-ல் உத்தரவிட்டது. பணம் போட்டவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் மேல். தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த குடும்பங்கள் இன்னொரு முறை இப்படி இழக்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் முப்பது வருட வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் ஒப்பிடுங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. தரகர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, நீங்களே ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்துப் படிக்கக் கொடுங்கள். "நாளைக்கு வேற பார்ட்டி வந்துடும்" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பதிவில்லாத ஒப்பந்தத்தில் பணம் போட்டிருப்பவர்கள் இந்த வாரமே அந்தத் தாளோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட சட்டம் தரும் அவகாசம் மூன்று வருடம்தான்.