பாறை விளிம்பில் ஒரு பைரி

பனி உருகி அருவிகள் பெருகும் இளவேனிற் காலத்தில், அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்து வெண்மலைத் தொடரில் ஏறுவோரின் மனம் நடைபாதையோடு அமைவதில்லை. மரங்கள் இன்னும் தளிர்க்காமையால், தொலைவிலுள்ள கருங்கற் பாறை விளிம்புகள் தெளிவாகப் புலப்படுகின்றன. பாதையை விட்டு விலகி, புதரினூடே வழிகண்டு சென்று, அவ்விளிம்பில் நின்று பள்ளத்தாக்கை நோக்க ஆவல் எழுகின்றது.

ஆயினும், அங்கே நமக்கு முன்பே குடியேறிய உயிரொன்று உண்டு. அதுவே பைரி, கூடு கட்டாது வெறும் பாறைத் தட்டிலே முட்டையிடும் வேட்டைப் பறவை. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி அதன் முட்டையோட்டை மெலிவித்தமையால், 1960களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவின் கீழ்த்திசை மலைகளில் அவ்வினம் அற்றுப்போயிற்று. 1972இல் அந்நஞ்சு அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 1981இல், இத்தொடரின் பிராங்கோனியாக் கணவாயில் ஓரிணை மீண்டும் குடியேறிற்று. இன்று இளவேனில்தோறும் பைரி வாழும் பாறைகளிற் சில, மனிதர் ஏறாவண்ணம் மூடப்படுகின்றன.

நமது சிகிரியாக் குன்றிலும் இவ்வினத்தின் ஒரு பிரிவு வாழ்கின்றது. எங்கே ஏறினும், பாறைக்கு மேலே பைரியின் கூரிய குரல் கேட்பின், விளிம்பு எட்டும் தூரத்தில் இருப்பினும் திரும்பி நடத்தலே அறம். தாய்ப்பறவை வெருண்டு எழுந்தால் முட்டைகள் குளிர்ந்து அழியும். நாம் இழப்பதோ ஒரு காட்சி மட்டுமே.