சாவி திரும்பியும் எஞ்சின் மறுப்பது ஏன்?

அம்பாசிடர் காரின் சாவி தொலைந்தால் பூட்டுக்காரர் அரத்தை எடுப்பார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இன்றைய காரிலோ அப்படி வெட்டிய சாவி பூட்டில் திரும்பும், எஞ்சின் மட்டும் ஓடாது. ஏன்?

1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் ஒரு மின்தடையைப் பதித்தது; அதன் மதிப்பு பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். மொத்தம் 15 மதிப்புகள்தான். பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்றுவிடலாம். உண்மையான திருப்பம் பிறகு சாவிக்குள் வந்த சிப். அதற்குப் பேட்டரியே வேண்டாம்: பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் பெறும். பிந்தைய சிப்புகளிடம் கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்பும். சாவி தன் ரகசியக் குறியீட்டால் கணக்கிட்டு விடை சொல்லும்; விடை சரியானால்தான் எஞ்சின் ஓடும். அருமையான ஏற்பாடு!

அதனால்தான் புதுச் சாவியைக் கருவியின் உதவியோடு காரின் நினைவகத்தில் பதிக்கிறார்கள். தொலைந்த சாவியின் பதிவையும் அப்படியே அழித்துவிடலாம். பிறகு அது கதவைத் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது.