கட்டறுத்தோர் கண்ட கட்டு

பங்க் றொக் என்னும் மேனாட்டு இசைவகையின் பெயரைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிக்கும் அன்பர் பலர். கிழிந்த உடையும் செவியைத் துளைக்கும் கிற்றாரும் அன்றி அதன்கண் யாது உளது என்பது அவர் வினா. யாப்பிலக்கணங் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட யான், அவ்வினாவுக்கு விடையாக ஓர் இசைத்தட்டின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன். 'த கிளாஷ்' என்னும் இலண்டன் குழுவினர் 1979 டிசெம்பரில் வெளியிட்ட 'லண்டன் கோலிங்' என்பதே அது.

பங்க் இசை தழைத்த 1976, 1977ஆம் ஆண்டுகளில், பிரித்தானிய இளைஞர் பலர் வேலையின்றி வாடினர். செல்வராகிவிட்ட றொக் இசைவாணரின் நெடும் பாட்டுகளை வெறுத்த அவர், மூன்று சுரக்கூட்டுகளே போதுமெனக் கொண்டு விரைந்த நடையிற் சிறு பாட்டுகளைப் பாடினர். கட்டுகளை அறுப்பதே அவர் நோக்கம். ஆயின், சில ஆண்டுகளில் அந்த அறுப்பே புதியதொரு கட்டாயிற்று. விரைவு குறையலாகாது, வேற்றிசை கலக்கலாகாது, பெருங் கொம்பனியின் பணத்தைத் தொடலாகாது என விதிகள் எழுந்தன. 1977இல் கிளாஷ் குழுவினர் சி.பி.எஸ். கொம்பனியுடன் ஓரிலட்சம் பவுணுக்கு ஒப்பந்தஞ் செய்த அன்றே பங்க் மாண்டது எனக் கூறிய சிற்றிதழாசிரியரும் உளர்.

அப்பழியைச் சுமந்தே ஜோ ஸ்ற்றமர், மிக் ஜோன்ஸ், போல் சிமனன், ரொப்பர் ஹெடன் ஆகிய நால்வரும் 1979இல் இலண்டன் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்திற் புகுந்தனர். பதிவை நெறிப்படுத்திய கை ஸ்டீவன்ஸ் என்பவர் நாற்காலிகளைத் தூக்கியெறிந்து பாடுவோர்க்கு வெறியூட்டினார் என்பர். விளைந்த பாட்டுகள் பத்தொன்பது. யமேய்க்காவின் ரெகே, ஜாஸ், பழைய றொக் அன் றோல் யாவும் அவற்றிற் கலந்தன. தலைப்பு, உலகப் போர்க்காலத்திற் பி.பி.சி. வானொலி விடுத்த அழைப்பினின்றும் பிறந்தது. அப்பாட்டில் அணுவுலை விபத்தின் அச்சமும் தேம்ஸ் வெள்ளத்தின் அச்சமும் ஒலிக்கின்றன. பிறிதொரு பாட்டு ஸ்பானிய உள்நாட்டுப் போரையும், அதிற் கொலையுண்ட கவிஞர் லோர்க்காவையும் நினைவூட்டுகின்றது.

தூய்மை கெட்டதெனச் சிலர் முணுமுணுத்தனர். அவர் காணத் தவறியது விலையை. இரண்டு தட்டுகளை ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டுமெனக் குழுவினர் கேட்டனர், கொம்பனி மறுத்தது. சிறு தட்டொன்றை இலவசமாக இணைக்கவேனும் இசைக எனக் கேட்டு, அதனையே முழுத்தட்டாக வளர்த்துத் தாம் எண்ணியதை முடித்தனர். அடுத்த ஆண்டு 'சன்டினிஸ்ரா' என மூன்று தட்டுகளை ஒன்றன் விலைக்குத் தரும்பொருட்டு, முதல் இரண்டு இலட்சம் பிரதிகளுக்குரிய தம் ஊதியத்தையே விட்டுக்கொடுத்தனர்.

'லண்டன் கோலிங்' பிரித்தானிய விற்பனை வரிசையில் ஒன்பதாம் இடத்தை எய்தியது. 1980 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த அதனை, 'றோலிங் ஸ்ரோன்' இதழ் 1989இல் அப்பத்தாண்டின் தலைசிறந்த தட்டெனத் தேர்ந்தது.

விதியை மீறுதல் எளிது; தன் மீறலையே விதியாக்கி அதற்குள் அடங்கிக் கிடத்தல் அதனினும் எளிது. இவ்விரண்டையுங் கடந்து, கேட்பவனின் மடியிலுள்ள காசையும் எண்ணிப் பார்த்தவர் இந்நால்வர். அவரது ஓசை நம் செவிக்கு இனியதோ அன்றோ என்பது வேறு வினா. அறம் அவர்பால் இருந்ததென்பதில் எனக்கு ஐயமில்லை.