நெடுந்தூர சைக்கிளோட்டம்: முதல் மாதங்களில் வேகம் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாங்கி கடற்கரைச் சாலைப் பக்கம் சென்றால், வரிசையாகச் செல்லும் சைக்கிளோட்டிகளைக் காணலாம். அவர்களில் சிலர் நெடுந்தூரப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள். அந்தத் தயாரிப்பின் முதல் சில மாதங்களில் குழுவாக எப்படிப் பயிற்சி செய்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பு.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு? பிரான்சில் 1891ஆம் ஆண்டு தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இப்பயணத்தின் தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிகபட்ச நேரம் 90 மணி. இதில் கலந்துகொள்ள, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதிப் பயணங்களை முடித்திருக்க வேண்டும்.

இவற்றில் 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலே பத்து மணி நேரத்தில் முடித்துவிடலாம். சாப்பிடவும் இளைப்பாறவும் மூன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. ஆகவே, இங்கே தேவைப்படுவது வேகம் அல்ல. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் உடல். அந்த உடல் ஒரே வாரத்தில் வந்துவிடாது. தூரத்தை வாரத்துக்குப் பத்து விழுக்காடு அளவில் கூட்டிக்கொண்டு போவது பலரும் பின்பற்றும் வழக்கம். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுவே சரியான வேகம்.

சரி, தனியாகவே பயிற்சி செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். குழுவில் செல்வதால் பெரிய நன்மை ஒன்று உண்டு. முன்னால் செல்பவர் காற்றைத் தடுப்பதால், பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னால் வந்துவிட, அடுத்தவர் அந்தப் பொறுப்பை ஏற்பார்.

ஆனால் நெருங்கிச் செல்வதில் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தை உரசினால், பெரும்பாலும் விழுவது நீங்கள்தான். அதனால் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. சாலையில் குழி இருந்தால் கைகாட்டி, குரல் கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கங்களை மெதுவாகச் செல்லும் காலத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சிங்கப்பூரில் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல், ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களைத் தாண்டக் கூடாது. ஒற்றை வரிசையில் ஐவர்; இருவர் இருவராகச் செல்ல அனுமதியுள்ள சாலைகளில் பத்துப் பேர். மீறினால் 150 வெள்ளி அபராதம். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும்.

நம் வெப்பத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருப்பதும், பசி வந்த பிறகு சாப்பிடுவதும் தவறு. புறப்பட்ட முதல் மணி நேரத்திலிருந்தே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழமாவது சாப்பிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. வேகமானவர்கள் முந்திச் சென்றுவிட்டால், பின்தங்கிய புதியவர் என்ன செய்வார்? எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் சிவப்பு விளக்கையும் கவனிக்காமல் போகக்கூடும். விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. ஆகவே, குழுவின் வேகத்தை அதில் மெதுவாகச் செல்பவரே தீர்மானிக்கட்டும். சந்திப்பில் பிரிந்தவர்கள் வந்து சேரும்வரை பாதுகாப்பான இடத்தில் காத்திருங்கள். அந்த ஐந்து நிமிடத்தால் யாருடைய பயிற்சியும் கெட்டுவிடாது. புறப்பட்ட அனைவரும் வீடு திரும்புவதே முதல் மாதங்களின் வெற்றி.