'மலடி' என்னுஞ் சொல்லும் சூலக நீர்க்கட்டி நோயும்

பிள்ளைப்பேறின்மைக்குப் பெண்ணையே பொறுப்பாக்குவது நமது சமூகத்தின் நெடுங்கால வழக்கமாகும். 'மலடி' என்னுஞ் சொல் கருப்பையின் வெறுமையைச் சுட்டுகின்றது. மருத்துவ விஞ்ஞானம் இதுபற்றிக் கூறுவது யாதென நாம் நோக்குவோம்.

1935ஆம் ஆண்டிற் சிக்காகோ மருத்துவர்களான ஸ்டீன், லெவென்தால் ஆகியோர், மாதவிடாய்க் கோளாறுற்ற ஏழு பெண்களிடம் பருத்த சூலகங்களைக் கண்டு விவரித்தனர். முட்டை வெளியேறாமையால் ஏற்படும் மலட்டுத்தன்மைக்கு இந்நோயே மிகப் பொதுவான காரணமென இன்று அறிகின்றோம். 'நீர்க்கட்டி' எனப்படுபவை உண்மையிற் கட்டிகளல்ல. வளர்ச்சி இடைநின்ற முட்டைப் புடைப்புகளே. பலரில், இன்சுலினின் செயலுக்கு உடல் போதியளவு இணங்காமையாற் குருதியில் அது மிகுகின்றது. மிகுந்த இன்சுலின் சூலகத்தை மேலதிக ஆண் ஓமோன்களைச் சுரக்கத் தூண்ட, முட்டை முதிர்வது தடைப்படுகின்றது.

ஆகவே இப்பெண்களின் சூலகம் வெறுமையானதன்று. உடற்பருமனுடையோரில் எடை சிறிதளவு குறைவதே சிலவேளை மாதவிடாயைச் சீராக்கும். லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் முட்டை வெளியேற வழிசெய்கின்றன, பலர் கருவுறுகின்றனர். நீரிழிவு ஏற்படும் வாய்ப்பும் இந்நோயில் அதிகமாதலின், பிள்ளைப்பேற்றை விரும்பாத பெண்ணுக்கும் மருத்துவக் கவனிப்பு இன்றியமையாதது.

எனினும் மனைவியின் பரிசோதனையோடு கணவனின் விந்துப் பரிசோதனையும் நிகழ்தல் வேண்டும். அதற்கு இணங்காத குடும்பம் பெண்ணின்மேற் சுமத்தும் பழிக்கு விஞ்ஞான ஆதாரம் யாதுமில்லை. நோயைத் தண்டனையாகக் கருதும் மனப்பாங்கு மாறாதவரை, மருந்து இருந்தும் பெண்கள் காலந்தாழ்த்தியே மருத்துவரை நாடுவர்.