அந்தமானா, லட்சத்தீவா? பணத்தைவிட அனுமதியே முடிவு செய்கிறது

மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் 2024 ஜனவரியில் சமூக வலைதளங்களில் இட்ட பதிவுகள் கிளப்பிய புயல் ஓய்ந்துவிட்டது. அம்மூவரும் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டதும், பின்னர் இரு நாட்டு உறவு படிப்படியாகச் சீரடைந்ததும் பழைய செய்தி. ஆனால் அந்தப் புயலுக்குக் காரணமான பிரதமர் நரேந்திர மோடியின் லட்சத்தீவுப் பயணப் படங்கள், நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைப் பேச்சில் புதிய கேள்வி ஒன்றை நுழைத்துவிட்டன. வெண்மணலையும் நீலக்கடலையும் பார்க்க வேண்டும். அதுவும் கடவுச்சீட்டு இல்லாமல், கைக்கு அடக்கமான செலவில் பார்க்க வேண்டும் என்றால், செல்ல வேண்டியது வங்காள விரிகுடாவில் உள்ள அந்தமானுக்கா, அரபிக்கடலில் உள்ள லட்சத்தீவுக்கா?

அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், லட்சத்தீவு உள்ளிட்ட தீவுகளில் துறைமுக இணைப்பு, சுற்றுலாக் கட்டமைப்பு ஆகியவற்றுக்கான திட்டங்கள் மேற்கொள்ளப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டு ஆசைப்பட்டவர்களில் பலர், பயணச்சீட்டு பதிவு செய்ய முற்பட்டபோதுதான் இரண்டு தீவுக் கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டனர்.

அந்தமானுக்குச் செல்ல இந்தியக் குடிமகனுக்கு அனுமதி தேவையில்லை. விமானச் சீட்டும் அடையாள அட்டையும் போதும். லட்சத்தீவுக்கு அப்படியல்ல. 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தீவுகளைச் சேராத எவரும், இந்தியரே ஆனாலும், நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். எந்தத் தீவு, எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் குறிக்கப்படும். அரசின் சுற்றுலா அமைப்பு நடத்தும் பயணத் திட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும், அல்லது உள்ளூர்வாசி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

கட்டுப்படியாவது எது?

அந்தமானில் செலவு பயணியின் கையில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், சாதாரண விடுதி முதல் நட்சத்திர விடுதி வரை எல்லாத் தரத்திலும் அறை உண்டு. ஹேவ்லாக் என்று அறியப்பட்டு 2018 டிசம்பர் முதல் சுவராஜ் தீப் எனப்படும் தீவுக்குத் தனியார் விரைவுப் படகும் செல்கிறது. அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் அரசுப் படகும் செல்கிறது. அங்குள்ள ராதாநகர் கடற்கரையில் நடந்துசெல்லக் கட்டணம் ஏதுமில்லை. சாலையோரக் கடையில் சாப்பிட்டு, அரசுப் படகில் பயணித்து ஒரு குடும்பம் சிக்கனமாக ஒரு வாரத்தைக் கழித்துவிட முடியும். செலவைக் கணிசமாக உயர்த்துவது விமானக் கட்டணம் ஒன்றுதான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அது எட்டாத உயரத்துக்குச் சென்றுவிடும். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல் உண்டு என்றாலும், சென்னையிலிருந்து சுமார் 3 நாள் ஆகும். போக 3 நாள், வர 3 நாள் என்றால் மாதச் சம்பளக்காரர்களின் விடுப்பு கடலிலேயே தீர்ந்துவிடும்.

லட்சத்தீவில் செலவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. கொச்சியிலிருந்து கப்பலில் புறப்பட்டு, இரவில் கப்பலிலேயே தங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைக் காட்டும் 5 நாள் திட்டமே நெடுங்காலமாகப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது. உணவு, படுக்கை, படகு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். தொகை முதலில் பெரிதாகத் தோன்றும். ஆனால் பிறகு பணம் செலவிடுவதற்கு அங்கே கடைத்தெரு இல்லை. பங்காரம் தீவு தவிர மற்ற தீவுகளில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. விமானத்தில் அகத்தியில் இறங்கி விடுதியில் தங்குவோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விடுதிகள் மிகச் சில என்பதால் அவர்கள் கேட்கும் வாடகையே வாடகை.

குழந்தைகளுடன் செல்வோர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. லட்சத்தீவில் பவளப்பாறைகள் வளையமாகச் சூழ்ந்திருப்பதால் உள்ளே கடல் குளம்போல் அமைதியாக, ஆழமின்றிக் கிடக்கிறது. அந்தமானின் கடற்கரைகள் பலவும் பாதுகாப்பானவையே எனினும், சில இடங்களில் உவர்நீர் முதலை குறித்த எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அவை அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல.

மொழி ஒரு பொருட்டு என்றால் தமிழருக்கு அந்தமானே வசதி. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோரில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். லட்சத்தீவில் மலையாளம்; தென்கோடி மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல்.

ஒரே கப்பலில் இருவர்

இவ்வளவும் பயண முகவர்களே சொல்லிவிடுவர். அவர்கள் சொல்லாதது, விற்கப்படும் இருக்கை யாருடையது என்பது.

லட்சத்தீவின் 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை 10. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011-இல் மக்கள்தொகை 64,473. அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கும் மேல். தீவுகளில் உயர்சிகிச்சை வசதி இல்லை. உயர்படிப்புக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் மேல்முறையீட்டு வழக்குக்கும் பலர் கொச்சிக்கு வர வேண்டியுள்ளது. கொச்சிக்கும் தீவுகளுக்கும் இடையே 14 முதல் 18 மணி நேரம் செல்லும் அதே கப்பல்கள்தான் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் பெரியதான எம்.வி. கவரத்தியில் 700 பேர் பயணிக்கலாம். மற்றவை 400, 250, 150 பேருக்கானவை. ஒன்றிரண்டு கப்பல்கள் பழுதுபார்ப்புக்குப் போய்விட்டால் தீவுவாசிகள் கொச்சியில் நாள்கணக்கில் காத்துக்கிடக்க நேரிடுகிறது. மழைக்காலத்தில் சிறு கலங்கள் நின்றுவிடும்போது நிலைமை இன்னும் மோசம்.

விமானத்தை நாடலாமே என்றால், அகத்தி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள்தான் இறங்க முடியும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆனால் தீவு முடியும் இடத்திலேயே ஓடுபாதையும் முடிவதால், நீட்டுவதென்றால் கடலுக்குள், பவளப்பாறையின் மீதுதான் நீட்ட வேண்டும். அந்தமான் தலைநகரின் ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. 2023 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது.

தண்ணீர் விஷயமும் இதே போன்றதுதான். லட்சத்தீவின் மணலுக்கு அடியில், கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தியில் நிறுவிய நிலையம், கடலின் மேல்மட்ட வெந்நீருக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தருகிறது. மினிக்காய், அகத்தியிலும் பின்னர் அத்தகைய நிலையங்கள் வந்தன. தமிழகப் பொறியாளர்கள் பலரின் உழைப்பு அதில் உண்டு. ஆயினும் அது தீவுவாசிகளின் குடிநீருக்கென அமைக்கப்பட்டது; விடுதி நீச்சல் குளங்களுக்காக அல்ல. அந்தமானிலும் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு உண்டு. தனிகரி அணை வற்றும் ஆண்டுகளில் தலைநகரவாசிகளுக்குச் சில நாள்களுக்கு ஒரு முறையே குழாயில் நீர் வரும். ஆனால் அங்கே 8,249 சதுர கிலோமீட்டர் நிலமும் காடும் ஓடையும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியாகாது.

பேரவை இல்லாத பிரதேசங்கள்

இரண்டுமே சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசங்கள். இரண்டுக்கும் மக்களவையில் ஆளுக்கொரு உறுப்பினர், மாநிலங்களவையில் இடமில்லை. அரசியல் சாசனத்தின் 240-ஆவது பிரிவின்படி, இத்தீவுகளின் அமைதி, முன்னேற்றம், நல்லாட்சிக்காகக் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை விதிகளைப் பிறப்பிக்கலாம். அவை நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையானவை. நாடாளுமன்றச் சட்டத்தையே திருத்தவும் வல்லவை. எனவே எந்தக் கடற்கரையில் விடுதி எழ வேண்டும் என்பதில் அத்தீவின் வாக்காளருக்கு உள்ள பங்கு, ஒரு உறுப்பினரின் குரல் மட்டுமே.

அந்த ஒரு குரலையும் லட்சத்தீவு மக்கள் மிகுந்த அக்கறையோடுதான் தேர்ந்தெடுக்கின்றனர். 1967 முதல் தொடர்ந்து பத்து முறை வென்று, மக்களவைத் துணைத் தலைவராகவும் இருந்த பி.எம். சயீத், 2004-இல் 71 வாக்குகளில் தோற்றார். அவருடைய மகன் ஹம்துல்லா சயீத் 2024-இல் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்றார். நாட்டிலேயே மிகச் சிறிய மக்களவைத் தொகுதியில் ஒவ்வொரு வாக்கும் எண்ணிப் பார்க்கப்படுகிறது.

2021-இல் நிர்வாகி பிரபுல் கோடா படேல் வெளியிட்ட லட்சத்தீவு மேம்பாட்டு ஆணைய வரைவு விதி, வளர்ச்சிக்கென எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு வழிவகுப்பதாகக் கூறித் தீவு மக்கள் எதிர்த்தனர். வீடுகளிலேயே உண்ணாவிரதம் இருந்தனர். கேரள சட்டப்பேரவை மே 31-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில்தான் மினிக்காய், கத்மத், சுஹேலி தீவுகளில் கடல்மீது குடில்கள் அமைக்கும் திட்டத்துக்குத் தனியாரிடம் ஏலம் கோரப்பட்டது. மாலத்தீவைப் போல் ஆக வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஆசை. ஆனால் மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் உள்ளன. மக்கள் வாழாத தீவுகளையே விடுதிகளுக்குத் தனியே ஒதுக்கிவிட முடிந்தது. லட்சத்தீவில் ஒதுக்கித் தருவதற்கு எத்தனை தீவுகள் உள்ளன என்ற எளிய கேள்விக்கு ஏல அறிவிப்பில் பதில் இல்லை.

நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஒவ்வொரு தீவும் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கில்கொண்டே கட்டுமானம் அமைய வேண்டும் என்ற அடிப்படையில் ஒருங்கிணைந்த தீவு மேலாண்மைத் திட்டங்களைப் பரிசீலித்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் ஏறி லட்சத்தீவின் பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. அலையைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பாறைதான். அது போனால், கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள தீவு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாராட்டங் சாலை

அந்தமான் செல்வோர் ஒன்றைத் தவிர்த்துவிடலாம். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் உள்ள பாராட்டங் தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. சில நூறு பேரே எஞ்சியுள்ள அம்மக்களின் பகுதியில் செல்லும் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. இன்றும் காவல் வாகனம் முன்செல்ல அணிவகுத்து வாகனங்கள் போகின்றன. ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடச்செய்யும் காட்சி 2012-இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. வாகனத்தை நிறுத்துவதும் படமெடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். இப்பாதுகாப்பைத் தந்தது 1956-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஒழுங்குமுறை விதி. பேரவை இல்லாப் பிரதேசத்துக்கு தில்லியிலிருந்து பிறப்பிக்கப்படும் விதி பழங்குடியினருக்குக் கேடயமாகவும் அமையும்; 2021-இல் லட்சத்தீவினர் அஞ்சியதுபோல் வாளாகவும் மாறும். பாராட்டங் போகாவிட்டால் பயணத்தில் ஒரு நாள் மிச்சம். அதைச் செல்லுலார் சிறையில் செலவிடலாம்.

சலுகையும் இருக்கையும்

மத்திய அரசு ஊழியர்களுக்கு விடை எளிது. சொந்த ஊர் செல்லும் விடுப்புப் பயணச் சலுகைக்கு மாற்றாக வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு-காஷ்மீர், லடாக், அந்தமான் ஆகிய இடங்களுக்குச் செல்லலாம் என்ற தளர்வு, இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. விமானப் பயண உரிமை இல்லாத கீழ்நிலை ஊழியரும் சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசு செலவில் பறக்க வழிசெய்தது அது. அந்தப் பட்டியலில் லட்சத்தீவு இல்லை.

சலுகை இல்லாத குடும்பமும், கையிருப்பு குறைவு என்றால் அந்தமானையே தேர்ந்தெடுப்பது நலம். சீட்டை நான்கைந்து மாதங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஒரே தவணையில் கட்டணம் செலுத்த முடிந்தவர்கள், அனுமதிக்குக் காத்திருக்கப் பொறுமையுள்ளவர்கள், கடைவீதியும் கேளிக்கையும் இல்லாத 5 நாள்களை விரும்புபவர்கள் லட்சத்தீவுக்குப் போகலாம். அக்டோபர் முதல் மே மாதத் தொடக்கம் வரை காலம்.

ஊழியர் சலுகைப் பட்டியலில் லட்சத்தீவையும் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. தில்லியில் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டால் அது நடந்துவிடும். அதன் பிறகு வரும் முதல் டிசம்பரில், கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள கப்பல் பதிவு அலுவலகத்தில் சலுகைச் சீட்டுடன் நிற்பவரும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பக் காத்திருக்கும் கவரத்திக்காரரும் ஒரே 700 இருக்கைகளுக்காக நிற்பார்கள்.